கடன் கடிதம் வந்துவிட்டது, அட்வான்ஸ் கொடுக்கலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

34 வயது தனியார் நிறுவன ஊழியர். மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவருக்குக் கையில் வரும் சம்பளம் மாதம் 92,000 ரூபாய், மனைவிக்கு 28,000. இருவருக்கும் சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது. கார் கடன் தவணை 11,400, இன்னும் 14 மாதம் பாக்கி. கைப்பேசி, வாஷிங் மெஷின் வாங்கிய வகையில் மாதம் 4,100, இன்னும் ஐந்து தவணை. சேமிப்பு 15 லட்சம்.

குரோம்பேட்டையில் 11 வருடப் பழைய அடுக்ககத்தில், மூன்றாவது மாடியில் ஒரு வீடு பிடித்துப்போயிருக்கிறது. விலை 72 லட்சம். வங்கியின் இணையதளத்தில் விவரம் நிரப்பியதும் '60 லட்சம் வரை கொள்கை அளவில் ஒப்புதல்' என்று ஒரு கடிதம் வந்தது. தரகர் இந்த வாரமே 10 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார், அதுவும் ரொக்கமாக. 45 நாளில் பத்திரம் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்று 100 ரூபாய் பத்திரத் தாளில் அக்ரிமென்ட் போடலாம் என்கிறார். பத்திரத்தில் 50 லட்சம் மட்டும் காட்டினால் பதிவுச் செலவு குறையும் என்பது அவருடைய இன்னொரு யோசனை. விற்பவருக்கு அந்த வீட்டின் மேல் 18 லட்சம் கடன் பாக்கி இருக்கிறது. கட்டட அனுமதி பிளான் கேட்டால், 'காப்பி எங்கேயோ இருக்கும், தேடித் தருகிறேன்' என்ற பதில்தான் வருகிறதாம்.

"கடன் உறுதியாகிவிட்டதால் அட்வான்ஸ் கொடுப்பதில் ஆபத்து இல்லை என்று நினைக்கிறேன். சரியா? இன்னும் மூன்று வங்கிகளில் விண்ணப்பித்துப் பார்க்கலாமா? மனைவி பெயரைச் சேர்க்க வேண்டுமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வங்கியிடம் கேட்டீர்கள். வரிசை சரிதான். பலர் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுத்தான் வங்கிப் படி ஏறுகிறார்கள். ஆனால் உங்கள் கையில் இருக்கும் கடிதத்தை அதன் தகுதிக்கு மேல் நம்புகிறீர்கள். கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். ஆவணங்கள் சரிபார்க்கப்பட்ட பின், சொத்தின் சட்டப் பரிசீலனையும் மதிப்பீடும் திருப்தியாக இருந்தால் மட்டுமே கடன் வழங்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி அதில் நிச்சயம் இருக்கும்.

வீட்டுக் கடனுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, கொள்கை அளவிலான ஒப்புதல். இதில் வங்கி பார்ப்பது உங்களை மட்டும்: சம்பளம், சிபில் (கடன் வரலாற்று அறிக்கையும் மதிப்பெண்ணும்), இருக்கிற கடன்கள். இரண்டாவது, இறுதி சேங்ஷன். இதில் உங்கள் ஆவணங்களோடு வீட்டின் பத்திரங்களும் கட்டடமும் சோதிக்கப்படும். மூன்றாவது, பத்திரப்பதிவு நாளில் பணம் விடுவிப்பு. நீங்கள் நிற்பது முதல் படியில். குரோம்பேட்டை வீட்டைப் பற்றி அந்த வங்கிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஆகவே இந்த வாரம் 10 லட்சம் கொடுக்காதீர்கள். அதற்காக இந்த வீட்டையே விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. செய்ய வேண்டியவற்றின் வரிசையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

60 லட்சம் எங்கிருந்து வந்தது?

நீங்கள் அனுப்பிய படிவ நகலைப் பார்த்தேன். குடும்ப வருமானம் 1,20,000 என்று போட்டிருக்கிறீர்கள். தவணை என்ற கட்டத்தில் கார் கடனை மட்டும் எழுதி, 4,100 ரூபாயை விட்டுவிட்டீர்கள். கடன் காலம் 25 வருடம். வங்கிகள் பொதுவாகக் கைக்கு வரும் வருமானத்தில் ஏறத்தாழ பாதி வரைதான் எல்லாத் தவணைகளுக்கும் சேர்த்து அனுமதிக்கும். பாதி 60,000, கார் தவணை போக 48,600. 8.5 சதவீத வட்டியில் 25 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 805 ரூபாய். வகுத்தால் 60 லட்சம் வரும். கணினி போட்ட கணக்கு இதுதான்.

நீங்களோ 20 வருடத்தில் முடிக்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது லட்சத்துக்குத் தவணை 868 ரூபாய். விட்டுப்போன 4,100 ரூபாயும் சிபில் அறிக்கையில் தெரிந்துவிடும். மீதமுள்ள 44,500 ரூபாய்க்கு 51 லட்சம்தான் கிடைக்கும்.

இதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அந்தச் சின்னக் கடனின் ஐந்து தவணை பாக்கி மொத்தம் 20,500 ரூபாய். அதை இப்போதே கட்டி முடித்தால் தகுதி 56 லட்சமாக உயரும். கட்டிய பிறகு 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள். கடன் நிறுவனங்கள் இப்போது குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை சிபில் போன்ற அமைப்புகளுக்குத் தகவல் தர வேண்டும் என்பதால், அறிக்கையில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை அந்தக் கடிதமே சான்று.

கார் கடனையும் அடைக்கலாமா என்று தோன்றும். பாக்கி ஒன்றரை லட்சம் இருக்கும். அடைத்தால் வருமானக் கணக்கில் தகுதி 13 லட்சம் கூடுகிறது. ஆனால் அது இந்த வீட்டுக்குப் பயன்படாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் கொடுக்கலாம். 72 லட்சத்தில் 80 சதவீதம் 57.6 லட்சம். உங்கள் வருமானம் எவ்வளவு உயர்ந்தாலும் அதற்கு மேல் வராது. 56-லிருந்து 57.6-க்குப் போக ஒன்றரை லட்சத்தைக் கைவிட்டுக் கொடுப்பதில் லாபம் இல்லை. அந்தப் பணம் கையில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. 25 வருடக் கடனாக எடுத்து, முடிந்தபோதெல்லாம் கூடுதலாகக் கட்டலாம். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது. 56 லட்சத்துக்கு 20 வருடத் தவணை 48,600. 25 வருடத்துக்கு 45,100. கார் கடன் முடியும் வரையாவது இந்த வித்தியாசம் மூச்சுவிட இடம் தரும்.

மனைவியைச் சேர்ப்பது பற்றி: அவருடைய வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் அவர் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்திட்டே ஆக வேண்டும். முழுக் கடனுக்கும் அவரும் பொறுப்பு. பாதிக்கு மட்டும் என்று கிடையாது. அப்படிப் பொறுப்பேற்பவர் பத்திரத்திலும் இணை உரிமையாளராக இருப்பதுதான் நியாயம். கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லையென்றால், பொறுப்பு இருக்கும், சொத்துரிமை இருக்காது, வருமான வரிச் சலுகையும் கிடைக்காது.

15 லட்சம் போதாது

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த இடம்தான். 72 லட்சத்துக்கு 60 லட்சம் கடன் வரும், 12 லட்சம் நாம் போட வேண்டும், 15 இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

பழைய வீட்டை வாங்கும்போது தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை, இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 72 லட்சத்துக்கு இது 6,48,000 ரூபாய். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு, இந்தச் செலவைச் சொத்து விலையோடு சேர்த்துக் கடன் தர வங்கிக்கு அனுமதி இல்லை. அதற்கு மேல் தரகர் கமிஷன், வங்கியின் செயல்பாட்டுக் கட்டணமும் அதன் மீது ஜிஎஸ்டியும், வழக்கறிஞர் கட்டணம், வங்கியிடம் பத்திரங்களை ஒப்படைத்ததைப் பதிவு செய்யும் எம்ஓடி செலவு. எம்ஓடி ஒன்றுக்கே 30,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க வேண்டியிருக்கும்.

கூட்டினால், விலையில் 20 சதவீதம் உங்கள் பங்கு, 9 சதவீதம் பதிவு, சுமார் 2 சதவீதம் மற்றவை. ஆக 31 சதவீதம். 72 லட்சத்துக்கு 22 லட்சத்துக்கும் சற்று மேல். 80 சதவீத வரம்பான 57.6 லட்சம் முழுதாகக் கிடைத்தால்கூட உங்களுக்கு 7 லட்சம் குறைகிறது. 56 லட்சம்தான் என்றால் துண்டு இன்னும் ஒன்றரை லட்சம் பெரிது. 15 லட்சத்தை 31 சதவீதமாக வைத்துப் பார்த்தால் இன்றைக்கு உங்கள் கைக்கு அடங்கும் வீடு 48 லட்சத்துக்கு. 20 லட்சம் திரட்ட முடிந்தால் 64 லட்சம் வரை போகலாம்.

இந்தத் துண்டைத் தனிநபர் கடனால் நிரப்ப நினைக்காதீர்கள். 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு 7 லட்சம் எடுத்தால் தவணை சுமார் 15,600. அந்தத் தவணை உங்கள் வீட்டுக் கடன் தகுதியில் 18 லட்சத்தைத் தின்றுவிடும். நகைக் கடனும் சிபில் அறிக்கையில் தெரியும். பி.எஃப். பணம், பெற்றோர் தரும் உதவி, விற்கக்கூடிய முதலீடு ஆகியவைதான் உதவும். பெற்றோர் தந்தால் வங்கி வழியாக வாங்குங்கள், பி.எஃப். எடுப்பதென்றால் இப்போதே ஆரம்பியுங்கள். இரண்டும் இல்லையென்றால் இந்த விலை உங்களுக்குப் பெரிது. விலையைக் குறைத்துப் பேசுவது, வேறு வீடு பார்ப்பது, அல்லது கார் கடன் முடியும் வரை சேமிப்பது, இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

50 லட்சத்துக்குப் பத்திரம் என்ற யோசனை

தரகர் சொல்வது போல் செய்தால் பதிவில் 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிச்சம் ஆகும், உண்மை. ஆனால் வங்கி பார்ப்பது பத்திரத்திலும் அக்ரிமென்ட்டிலும் இருக்கும் விலையை. 50 லட்சத்தில் 80 சதவீதம் 40 லட்சம்தான் கடன். மீதி 32 லட்சம் உங்கள் கையிலிருந்து, அதில் 22 லட்சம் ரொக்கமாக. உங்களால் இது நடக்காது. நடந்தாலும் சட்டப்படி தவறு. அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அந்த ரொக்கத்தைப் பெற்ற விற்பனையாளருக்கு அதே அளவு தொகை அபராதம் விழலாம். நாளைக்கு நீங்கள் இந்த வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 50 லட்சம் என்றுதான் கணக்கு வரும். லாப வரி உங்கள் தலையில்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், 1 சதவீத டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையது. 72 லட்சத்துக்கு 72,000 ரூபாய். இது கூடுதல் செலவு அல்ல, விற்பவருக்குத் தர வேண்டியதில் கழிவது. முன்பணத்திலிருந்தே ஒவ்வொரு தடவையும் பிடிக்க வேண்டும். இந்தக் கணக்கு இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்கானது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் பிடிக்க வேண்டிய விகிதம் வெகுவாக மாறும். அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி வீட்டின் முறை

வங்கி உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டை நிராகரிப்பது அடிக்கடி நடக்கிறது. பழைய அடுக்கக வீடுகளில் தடங்கல் பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்து வரும்.

ஒன்று, பிளான். நீங்கள் பார்த்திருப்பது மூன்றாவது மாடி. தூண் தளத்தின் மேல் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்றாக எழுப்பிய கட்டடங்கள் சென்னைப் புறநகரில் எத்தனையோ. பிளானில் இல்லாத மாடிக்குப் பெரும்பாலான வங்கிகள் கடன் தராது. சில வீட்டுக் கடன் நிறுவனங்கள் கூடுதல் வட்டிக்குத் தரலாம். ஆனால் நாளைக்கு உங்களிடமிருந்து வாங்குபவருக்கும் இதே சிக்கல் வரும். 'காப்பி எங்கேயோ இருக்கும்' என்ற பதிலை இந்தக் கண்ணோடு பாருங்கள். விற்பவர் வாங்கியபோது வங்கிக் கடன் எடுத்திருக்கிறார், ஆகவே பிளான் அவருடைய வங்கிக் கோப்பில் இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரர்களிடமும் இருக்கலாம். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண் கிடைத்தாலே போதும், மேற்கொண்டு சரிபார்க்கலாம்.

இன்னொன்று, உரிமைத் தொடர். வங்கியின் வழக்கறிஞர் பொதுவாக 30 வருடத் தாய்ப்பத்திரங்களையும் அதே காலத்துக்கான வில்லங்கச் சான்றையும் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) கேட்பார். நடுவில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டார்களா என்ற கேள்வி வரும். பவர் பத்திரம் மூலம் விற்றிருந்தால், அன்றைக்கு அந்த பவர் நடைமுறையில் இருந்ததா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்று பார்ப்பார்கள். யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு, பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த மனையைத் தாண்டக் கூடாது. தாண்டும் கட்டடங்களும் இருக்கின்றன. தாம்பரம் மாநகராட்சியின் சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, இரண்டும் விற்பவர் பெயரில் இருக்கின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

பிறகு மதிப்பீடு. பேசிய விலை, வங்கி மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, இரண்டில் குறைந்ததன் மேல்தான் கடன். அவர் 68 லட்சம் என்று எழுதினால் 80 சதவீதம் 54.4 லட்சம் ஆகிவிடும். கூடுதலாக 3.2 லட்சம் உங்கள் பையிலிருந்து.

வங்கி வழக்கறிஞரின் அறிக்கை வங்கிக்காக எழுதப்படுவது. கடன் தொகைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதே அவருடைய அக்கறை. சங்கத்தில் பராமரிப்புப் பாக்கி, கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் இருக்கிறதா, வாடகைதாரர் காலி செய்வாரா என்பதையெல்லாம் அவர் பார்க்க வேண்டியதில்லை. சில ஆயிரம் செலவானாலும் உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அக்ரிமென்ட்டும் அட்வான்ஸும்

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அக்ரிமென்ட் இல்லாமல் வங்கி இறுதி சேங்ஷன் தராது. இறுதி சேங்ஷன் இல்லாமல் பெரிய தொகை கொடுத்து அக்ரிமென்ட் போடுவது ஆபத்து. இதை இரண்டு படியாக அவிழ்க்கலாம்.

முதலில் 25,000 முதல் 50,000 ரூபாய்க்குள் டோக்கன், வங்கிப் பரிமாற்றமாக. 'பத்திரங்கள் திருப்தியாக இல்லையென்றால் முழுதும் திருப்பித் தரப்படும்' என்று விற்பவர் கையெழுத்திட்ட ஒரு பக்க ரசீது. அதற்கு ஈடாக எல்லாப் பத்திரங்களின் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும். நகலை உங்கள் வழக்கறிஞரிடமும், வரைவு அக்ரிமென்ட்டோடு வங்கியிலும் கொடுங்கள். லீகல், மதிப்பீடு இரண்டையும் முன்கூட்டியே செய்யச் சொல்லிக் கேளுங்கள்; கட்டணம் செலுத்தினால் பெரும்பாலும் செய்வார்கள். வீடு நிராகரிக்கப்பட்டால் அந்தக் கட்டணம் திரும்பாது. பத்து லட்சத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய இழப்பல்ல.

இரண்டுக்கும் நல்ல பதில் வந்த பிறகு அக்ரிமென்ட். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்தும், விற்பனையை நிறைவேற்றித் தரச் சொல்லி வழக்குப் போட முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் 100 ரூபாய்த் தாள் வில்லங்கச் சான்றில் தெரியாது. அதே வீட்டுக்கு அவர் இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கினாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. விற்பவர்கள் பதிவுக்குத் தயங்குவதற்கும் ஒரு காரணம் உண்டு: பேரம் முறிந்தால் அந்தப் பதிவு வில்லங்கத்தில் நின்றுவிடும், நீங்கள் வந்து ரத்துப் பத்திரம் எழுதித் தராவிட்டால் வீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது. பணம் திரும்பக் கிடைக்கும் அன்றே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள், தயக்கம் தீரும்.

கடன் பற்றிய ஷரத்து இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். வாசகத்தை இப்படி அமைக்கலாம்:

"மேற்படி சொத்தின் உரிமை மூலம், கட்டட அனுமதி அல்லது மதிப்பீடு காரணமாக 2-வது பார்ட்டிக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, ரூ.55,00,000-க்குக் குறைவாக அனுமதிக்கப்பட்டாலோ, 1-வது பார்ட்டி தான் பெற்ற முன்பணம் முழுவதையும் எவ்விதப் பிடித்தமும் இன்றி, வங்கியின் கடிதம் காட்டப்பட்ட 15 நாட்களுக்குள் வங்கி மூலம் திருப்பிச் செலுத்த வேண்டியது."

55 லட்சம் என்பது உதாரணம்தான். கடன் எவ்வளவுக்குக் கீழே போனால் மீதியை உங்களால் போட முடியாதோ அந்த எண்ணை அங்கே வையுங்கள்.

உங்கள் பக்கக் காரணத்தால், உதாரணமாக வேலை போனதால், கடன் மறுக்கப்பட்டால் விற்பவருக்கும் ஏதாவது இழப்பீடு வேண்டும் என்று அவர் கேட்பது நியாயமே. அதற்கு 50,000 ரூபாய் போல ஓர் உச்சவரம்பு வையுங்கள். அட்வான்ஸ் 5 லட்சத்தைத் தாண்ட வேண்டாம். கெடு 45 நாள் அல்ல, 90 நாள்.

'அட்வான்ஸ் திரும்பாது' என்று எழுதிவிட்டால் எல்லாம் போய்விட்டது என்றும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கோர முடியும். குறை விற்பவர் பக்கம் இருந்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை, அதாவது சொத்திலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமை, உண்டு என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. ஆனால் உறுதிப்பணம் என்று தெளிவாக எழுதி, தவறு வாங்குபவர் பக்கம் இருந்தால், பறிமுதலை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டும் இருக்கின்றன. வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். இரண்டு வரி ஷரத்தில் முடிவதை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

விற்பவரின் 18 லட்சம்

அவருக்குக் கடன் இருப்பது குறை அல்ல. மூலப் பத்திரங்கள் ஒரு வங்கியின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கின்றன, ஒருமுறை லீகல் பார்க்கப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அவரை இரண்டு கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள்: வங்கியில் இருக்கும் ஆவணங்களின் பட்டியல், கடனை முடிக்கக் கட்ட வேண்டிய தொகையைக் காட்டும் கடிதம். இரண்டாவது குறிப்பிட்ட தேதி வரைதான் செல்லும், தேதியைப் பாருங்கள்.

நீங்கள் கொடுக்கும் 5 லட்சத்தை அவருடைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்பாமல் நேராக அந்தக் கடன் கணக்கில் கட்டச் சம்மதம் வாங்குங்கள். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதுங்கள். பணம் வேறு எங்கும் போகாது, கடனும் குறையும். மீதியை உங்கள் வங்கியே அவருடைய வங்கிக்கு நேரடியாகக் கொடுத்துப் பத்திரங்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அவர் கடன் வாங்கிய அதே வங்கியில் நீங்களும் விண்ணப்பித்தால் இது இன்னும் சுலபம். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதி. அந்த 30 நாளையும் கெடுவில் சேர்த்துத்தான் 90 என்றேன். பழைய எம்ஓடி ரத்தானது வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

மற்ற கேள்விகளுக்கு

நான்கு வங்கியில் விண்ணப்பிக்க வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ஒரு விசாரணையாகப் பதிவாகும். குறுகிய காலத்தில் நிறைய இருந்தால் மதிப்பெண் சற்று இறங்கும். கடன் ஏஜென்ட்டிடம் பான் நகலைக் கொடுத்தால் அவர் ஆறு இடத்தில் போட்டுவிடுவார், கவனம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடம் ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் மனைவியின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். தவறு இருந்து புகார் செய்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

ஒப்புதலுக்கும் பணம் விடுவிப்புக்கும் நடுவில் வேலை மாறாதீர்கள், தவணையில் எதையும் வாங்காதீர்கள், யாருடைய கடனுக்கும் ஜாமீன் போடாதீர்கள். பணம் விடுவிக்கும் முன் வங்கி அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்க்கும்.

இறுதி சேங்ஷன் வரும்போது, வட்டி, கட்டணங்கள், ஆண்டுச் செலவு விகிதம் எல்லாம் ஓரிடத்தில் எழுதிய முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டியது வங்கியின் கடமை. கடன் காப்பீடு என்று ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ கடனோடு சேர்த்திருந்தால் அது கட்டாயம் இல்லை, வேண்டாம் என்று சொல்லலாம். உங்கள் குடும்பத்துக்குத் தனியாக ஆயுள் காப்பீடு எடுப்பது பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

தரகரிடம் இந்த வாரம் பேசும்போது விலையைப் பற்றியே பேச்செடுக்க வேண்டாம். பிளான் நகல், ஆவணப் பட்டியல், கடன் பாக்கிக் கடிதம், இந்த மூன்றையும் கேளுங்கள். 'வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறார்' என்பார். இருக்கட்டும். மூன்றும் பத்து நாளில் வந்தால், அப்போது உங்களால் திரட்ட முடிந்த தொகையை வைத்து விலை பேசுங்கள். பிளான் மட்டும் வரவில்லையென்றால் டோக்கன்கூடக் கொடுக்க வேண்டாம்.